உள்ளே மடித்த துணி

மூன்றாவது முறை அளக்கும் நாள் வந்துவிட்டது.

பள்ளியில் எல்லோருக்கும் உடம்பு பார்த்த அன்று, சில்லுவை மட்டும் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மற்ற பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு முறை அளந்தார்கள். போன வாரம் கிளினிக்கில் ஒரு முறை. இரண்டிலும் ரத்த அழுத்தம் கூடுதல். "பதினஞ்சு வயசுப் பிள்ளைக்கு அவசரப்பட்டு எதையும் சொல்லக் கூடாது. இன்னொரு நாள் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்," என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

அந்த இன்னொரு நாள் இன்றுதான். இன்றும் கூடுதலாக இருந்தால், பயத்தில் ஏறியது, படியேறி வந்ததில் ஏறியது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. சில்லு நோயாளி ஆகிவிடுவாள்.

நோயாளி. அந்தச் சொல்லை அவள் கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தாள். அந்த வீட்டுக் கண்ணாடியில் முகம் மட்டும்தான் தெரியும்.

பிறந்தபோது ஓட்டுச் சில்லு மாதிரி இத்தனூண்டு இருந்தாளாம். அப்பா வைத்த பெயர் அது. வகுப்பில் இப்போது அதே பெயரைத்தான் இழுத்து இழுத்துக் கூப்பிடுகிறார்கள். "சில்லு வருது, வழி விடுங்கடி, பெஞ்சு உடையப் போகுது." அவள் சிரித்துவிடுவாள். சிரிக்காவிட்டால் இன்னொரு தடவை சொல்வார்கள்.

அப்பா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். எட்டு மாடிக் கட்டிடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டுகிறவர். "அங்க எவ்வளவு பெரிய ஆபீசரா இருந்தாலும் நான் பட்டனை அமுக்கினாத்தான் மேல போவான்," என்று பெருமை அடிப்பார். இன்று பெருமை எதுவும் வரவில்லை. குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினார். கட்டிய பிறகும் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தார்.

"ஒண்ணும் இருக்காது சில்லு. வளர்ற உடம்பு. கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும்," என்றார் தரையைப் பார்த்து.

"நீங்களும் வாங்கப்பா."

"நான் வந்துட்டா அங்க அத்தனை பேரும் நடந்துல்ல ஏறணும்?" என்று எழுந்து போய்விட்டார்.

வீட்டின் முன்னறைதான் அம்மாவின் தையல் கடை. பின்னால் ஓர் அறை, ஒரு சமையலறை. நடுவில் ஒரு திரை. சில்லு யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்றாள். காலையிலேயே ஒரு வாடிக்கைக்காரம்மா வந்திருந்தார். கைகள் இரண்டையும் பக்கவாட்டில் தூக்கி நின்றவரை அம்மாவின் அளவு நாடா சுற்றி வந்தது.

"கையை இன்னும் கொஞ்சம் தூக்குங்க. மூச்சை அடக்காதீங்க. நீங்க மூச்சை அடக்கினா எனக்குப் பொய் அளவுதான் வரும். அப்புறம் துணி உண்மையைச் சொல்லிடும்."

"அடுத்த மாசத்துக்குள்ள இளைச்சிடுவேன், கொஞ்சம் சின்னதாவே தைச்சிடு."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க!" என்று அம்மா வாயில் கடித்த குண்டூசிகளோடு சிரித்தாள். "நான் உள்ள மடிச்சுக் கொஞ்சம் துணி விட்டே தைக்கிறேன். இளைச்சா பிடிச்சுக்கலாம், பெருத்தா பிரிச்சுக்கலாம். யாருக்கும் வெளிய தெரியாது."

சில்லுவுக்கு அந்தக் காட்சியைப் பார்க்கப் பிடிக்கும், பார்க்க வலிக்கும். அந்தத் தெருவில் உள்ள எல்லாப் பெண்களையும் அம்மாவின் கைகள் தொட்டிருந்தன. தோளில், முதுகில், இடுப்பில். சில்லுவை அம்மா அளவெடுத்து எவ்வளவோ காலமாகிறது. கேட்டால், "உன் அளவு என் கண்ணுலயே இருக்குடி," என்பாள்.

கிளினிக்கில் புது நர்ஸ். சின்னப் பெண். சில்லுவின் கையில் ரத்த அழுத்தம் அளக்கும் பட்டையைச் சுற்றி ஒட்டினாள். காற்று ஏற ஏற அது இறுகியது. பிறகு, பர்ரென்று ஒரு சத்தத்தோடு பிய்த்துக்கொண்டு திறந்தது.

வெளியே வரிசையில் இருந்த இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். சில்லு சிரித்துவிட்டாள், வழக்கம்போல.

கூட வந்த அம்மாவுக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. நர்ஸ் இன்னொரு முறை சுற்றினாள். அது மறுபடியும் பிய்த்துக்கொண்டது. அம்மா அந்தப் பட்டையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடிப்பு ஏதாவது இருக்கிறதா, பிரித்துவிட உள்ளே துணி இருக்கிறதா என்று தேடுகிறவள் மாதிரி. அதில் ஒன்றும் இல்லை.

டாக்டரம்மா உள்ளே வந்தார். "பெரிய பட்டை எங்கம்மா? சின்னது போட்டா தப்பா கூடுதலாத்தான் காட்டும்."

அம்மாவின் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. "அப்போ போன வாரம் பார்த்ததும் தப்பா இருக்குமா டாக்டர்?"

"போன வாரம் நானே பெரிய பட்டையிலதாம்மா பார்த்தேன்."

விளக்கு அணைந்தது.

சில்லுவைக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்காரச் சொன்னார்கள். முதுகைச் சாய்த்து, கால் இரண்டையும் தரையில் வைத்து. பேசாமல் உட்காருவது அவளுக்குப் பழகிய வேலை. பெரிய பட்டை வந்தது. இந்த முறை ஒட்டியது ஒட்டியபடி நின்றது. இறுகியது, தளர்ந்தது. டாக்டரம்மா காதிலிருந்து குழாயை எடுத்தார்.

"கூடுதல்தான்," என்றார்.

அவ்வளவுதான். சில்லு அழப்போகிறோம் என்று நினைத்தாள். அழுகை வரவில்லை. ஏசியின் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது.

"எடை சமீபத்துலதான் ஏறுச்சா, இல்ல முன்னாடியேவா?"

இதற்குச் சில்லுவிடம் பதில் தயாராக இருந்தது. அவளிடம் இருந்த ஒரே நல்ல செய்தி அதுதான். "எனக்கு எடை ஏறவே இல்ல டாக்டர். இந்த யூனிஃபார்ம் எட்டாம் வகுப்புல தைச்சது. இன்னும் சரியா இருக்கு, பாருங்க."

டாக்டரம்மா யூனிஃபார்மைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அவசரத்தில் கழற்றாமல் வந்த அளவு நாடா அம்மாவின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா அதன் நுனியைச் சுருட்டினாள், விட்டாள், மறுபடி சுருட்டினாள்.

"சரி," என்றார் டாக்டரம்மா மெதுவாக. "பள்ளிக்கூடம் முடிஞ்சு வந்து என்ன பண்ணுவே?"

"போன் பார்ப்பேன்."

"எங்க உட்கார்ந்து?"

"கட்டில்ல."

"அப்புறம்?"

"அப்புறம்... கட்டில்லதான்."

"சாப்பாடு?"

"தட்டைக் கட்டிலுக்கே எடுத்துட்டுப் போயிடுவேன். சிப்ஸ் பாக்கெட்டும் அங்கயே இருக்கும்."

"யாரோட விளையாடுவே? யாரோட நடப்பே?"

சில்லு யோசித்தாள். "முன்னாடி பள்ளிக்கூடத்துக்கு நடந்துதான் போவேன். பக்கத்து வீட்டுல ஒருத்தி இருந்தா, அவகூட. அவங்க வேற ஊருக்குப் போயிட்டாங்க. அதுலேருந்து வேன்ல போறேன்."

தோழி போன புதிதில் போன் நிறையப் பேசியது. நாளாக ஆக, ஒற்றைக் கட்டைவிரல் படம் மட்டும் வந்தது. இப்போது அதுவும் இல்லை. ஆனால் எந்த நேரமும் வரலாம் என்று சில்லு உட்கார்ந்திருந்தாள். மெத்தையில் அவள் உட்காரும் இடம் பள்ளமாகியிருந்தது. இதையெல்லாம் அவள் டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை.

"இப்போ மாத்திரை தரப் போறதில்ல," என்றார் டாக்டரம்மா. "ரத்தமும் சிறுநீரும் பார்க்கணும். உப்பைக் குறைக்கணும், பாக்கெட் தீனியை விடணும். தினமும் வேர்க்கிற மாதிரி நடக்கணும், விளையாடணும். ராத்திரி போன் உன் கட்டில்ல இருக்கக் கூடாது. அதுக்காக இளைக்கிறேன்னு பட்டினி கிடந்தே, நான் வீட்டுக்கே வந்து சண்டை போடுவேன். சரியா?" பிறகு அம்மாவிடம் திரும்பினார். "உங்க குடும்பத்துல யாருக்காவது ரத்த அழுத்தம் இருக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அதை வச்சுத்தான் என்னென்ன பரிசோதனை வேணும்னு பார்க்கணும்."

"எனக்கு இல்ல. இவங்க அப்பாவுக்கும் இல்ல," என்றாள் அம்மா, கேட்டு முடிப்பதற்குள். "அவரு ஒரு நாள் தலைவலின்னு படுத்தது கிடையாது."

இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். கடையில் ஆள் காத்திருந்தது. "இன்னைக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம், உடுப்பை மாத்திக்கோ," என்று சொல்லிவிட்டு அம்மா திரைக்கு அந்தப் பக்கம் போனாள்.

சில்லு யூனிஃபார்மைக் கழற்றினாள். டாக்டரம்மா அம்மாவைப் பார்த்த பார்வை அவள் மனதிலிருந்து போகவில்லை. சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அதன் இரண்டு பக்கவாட்டிலும் நீலம் கொஞ்சம் அழுத்தமாக இருக்கும். கை மறைப்பதால் அங்கே வெயில் படுவதில்லை என்று அவளாகவே நினைத்துக்கொண்டிருந்தாள்.

சட்டையை உள்பக்கம் புரட்டினாள்.

தையலுக்குப் பக்கத்தில் பழைய ஊசித் துளைகள் ஒரு வரிசையாக இருந்தன. அதற்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை. அதற்கும் அப்பால் இன்னும் ஒன்று. குளத்தில் தண்ணீர் ஏறி ஏறிச் சுவரில் விட்டுப்போன கோடுகள் மாதிரி. கடைசித் தையல் துணியின் விளிம்பிலேயே ஓடியது. அதற்குமேல் பிரிக்க ஒரு நூல் அகலம்கூட இல்லை. ஸ்கர்ட்டைப் புரட்டினாள். கொக்கி இடம் மாறி மாறித் தைத்த அடையாளம் இடுப்பு முழுக்க இருந்தது.

அம்மா திரையை விலக்கி உள்ளே வந்தபோது, சில்லு பழைய நைட்டியில், சட்டையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் அப்படியே இருக்கேன்னு டாக்டர்கிட்ட சொன்னேன். நீ பக்கத்துலதானே இருந்தே?"

அம்மா வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையில் குத்தினாள்.

"எனக்குத் தெரியாம ஏம்மா பிரிச்சுப் பிரிச்சு விட்டே?"

"நீ தூங்கினப்புறம் பிரிச்சேன்."

"எப்போன்னு கேட்கல. ஏன்னு கேட்டேன்."

"பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு ஒரு கவுன் தைச்சேனே, நினைவிருக்கா? ஜிப்பு ஏறல. பக்கத்துல நின்ன பிள்ளைங்க சிரிச்சுதுங்க. நீயும் கூடச் சேர்ந்து சிரிச்சே. வீட்டுக்கு வந்து குளிக்கிற ரூமுக்குள்ள போய் வாயில துண்டை வச்சுக்கிட்டு அழுதே. நான் வெளியதான் நின்னேன். இனிமே என் பிள்ளைக்கு எந்தத் துணியும் இறுகக் கூடாதுன்னு அன்னைக்கு நினைச்சேன்."

"வெளிய நின்னியா?"

"ஆமா."

"கதவைத் தட்டியிருக்கலாமேம்மா."

அம்மா வாயைத் திறந்தாள். கடையிலிருந்து குரல் வந்தது. "அக்கா, உள்ள இருக்கீங்களா? என் பைல ஜாக்கெட் கை ஒண்ணுதான் இருக்கு, இன்னொரு கையைக் காணோம்!"

"இதோ வந்துட்டேன்," என்று அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். போகிறவர்களுக்கு எப்போதும் ஒரு வேலை இருக்கிறது.

சில்லு உடை மாற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே வந்தாள். போனை எடுக்கவில்லை. எடுக்காதது தெருமுனையில்தான் தெரிந்தது. திரும்பிப் போகப் பிடிக்கவில்லை. தோழி இருந்த வீட்டு ஜன்னலில் வேறு யாருடைய திரையோ ஆடியது. அந்த வீட்டைத் தாண்டும்போது பழக்கத்தில் கால் ஒரு நொடி நின்றது. கூட வர யாருமில்லை. நடந்தாள்.

அப்பாவின் கட்டிடத்தில் லிஃப்டுக்கு முன் கூட்டம். அவள் அவர்களோடு ஏறினால் எல்லோரும் சுவரோடு ஒதுங்குவார்கள். யாராவது, "இது தாங்குமா?" என்று கேட்பார்கள். அப்பா எதிரிலேயே கேட்பார்கள். அவள் படிக்கட்டுக் கதவைத் தள்ளித் திறந்தாள்.

அந்தப் படிகளில் யாரும் நடப்பதில்லை போலிருக்கிறது. கைப்பிடியில் தூசி. அவள் செருப்புச் சத்தம் அவளுக்கு முன்னால் ஏறிப் போயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் முனகியது. உள்ளே அப்பாவின் குரல்.

"ஒண்ணு யாரு? முதல் மாடி மகாராஜா இறங்கலாம். சார், கையை உள்ள இழுங்க, கதவுக்குக் கண்ணு கிடையாது."

யாரோ சிரித்தார்கள். வீட்டில் அப்பா இத்தனை பேசிச் சில்லு கேட்டதில்லை. குரல் மேலே போய் மறைந்தது. அவள் ஒவ்வொரு படியாக ஏறினாள். இரண்டாம் மாடியைத் தாண்டியதும் மூச்சு வாங்கியது. திருப்பத்தில் சுவரோரமாக உட்கார்ந்தாள்.

மேலே மூன்றாம் மாடிக் கதவு திறந்தது. அப்பா.

அவர் அவளைப் பார்க்கவில்லை. ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சுவரிலிருந்த சிவப்புத் தீயணைப்புப் பெட்டியைத் திறந்து, சுருட்டி வைத்த குழாய்க்குப் பின்னால் கையை விட்டார். ஒரு மாத்திரை அட்டை வந்தது. ஒன்றை எடுத்துத் தண்ணீரில்லாமல் விழுங்கினார்.

"அப்பா."

அட்டை கையிலிருந்து நழுவிப் படியில் விழுந்தது.

"நீ எப்படி மேல வந்தே? நான் ஏத்தலையே!"

"நடந்து."

"நடந்தா?" அவர் முகத்தில் ஒரு நொடி சிரிப்பு வந்துபோனது. "டாக்டர் என்ன சொன்னாங்க?"

"கூடுதல்தானாம்ப்பா. அது என்ன மாத்திரை?"

"இதுவா? தலைவலி."

"தலைவலி மாத்திரையைத் தீப்பிடிச்சா எடுக்கிற இடத்துலயா வைப்பாங்க?"

அப்பா இறங்கி வந்து அவளுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். இறங்கியதற்கே மூச்சு வாங்கியது. இருவர் மூச்சும் அந்த இடத்தில் ஒன்றாகக் கேட்டது.

"பிரஷர்தான்," என்றார்.

"எப்போலேருந்து?"

"உனக்குப் பள்ளிக்கூடத்துல பார்க்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே. நாள் பூரா ஸ்டூல்ல உட்கார்ந்துதானே இருக்கேன். இங்க தெரிஞ்சா வேற ஆளைப் போட்டுடுவாங்க, பட்டன் அமுக்க ஆளா கிடைக்காது? உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா, மெஷின்ல உட்கார்ந்து அழுதுக்கிட்டே விரலைத் தைச்சுக்குவா."

"டாக்டர் கேட்டாங்கப்பா. குடும்பத்துல யாருக்காவது இருக்கான்னு. அம்மா இல்லன்னு சொல்லிட்டாங்க."

அப்பா குனிந்தார். கீழே விழுந்த அட்டையை எடுத்துத் துடைத்தார்.

"என்கிட்டேருந்துதான் உனக்கு வந்துச்சா?"

"எனக்குத் தெரியாது. டாக்டருக்குத் தெரியும். ஆனா அவங்களுக்கு யாராவது சொன்னாத்தானே?"

சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது. யாரோ லிஃப்ட் கதவைத் தட்டினார்கள். "எங்கய்யா போய்த் தொலைஞ்சே?" அப்பா எழுந்தார்.

"நானே சொல்றேன் சில்லு. இந்த வாரத்துக்குள்ள சொல்லிடுறேன். அதுவரைக்கும் நீ வாயைத் திறக்காத. வா, கீழ இறக்கி விடுறேன்."

"வேண்டாம்ப்பா. நடந்தே இறங்கிக்கிறேன்."

மூடும் கதவின் இடுக்கில் அவர் கொஞ்ச நேரம் நின்று அவளைப் பார்த்தார். பிறகு கதவு மூடியது. "வணக்கம், வணக்கம், மன்னிக்கணும் சார்," என்று அந்த இன்னொரு குரல் உற்சாகமாகக் கேட்டது.

சாயங்காலம் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வெட்டும் மேஜையில் புது நீலத்துணி விரித்திருந்தது. பக்கத்தில் சாக்கட்டி, கத்தரி.

"எங்க போனே?" என்று அம்மா கேட்டாள்.

"நடந்துட்டு வந்தேன்."

அம்மா கழுத்திலிருந்த நாடாவை எடுத்தாள். "இங்க வந்து நில்லு. இனிமே அளவு எடுக்காம உனக்கு ஒரு துணியும் வெட்ட மாட்டேன்."

"உள்ள துணி விடுவியா?"

"விடுவேன். எல்லாருக்கும் விடுறதுதான். ஆனா பிரிக்கிறதா இருந்தா உன்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் பிரிப்பேன். பிடிக்கிறதா இருந்தாலும் அப்படித்தான். கையைத் தூக்கு."

வாடிக்கைக்காரம்மா நின்ற அதே இடத்தில் சில்லு கைகளைத் தூக்கி நின்றாள். நாடா முதுகைச் சுற்றி வந்தது. அம்மாவின் விரல்கள் தோளில் பட்டன, விலாவில் பட்டன. மெஷின் எண்ணெய் வாசனை. எத்தனை நாளாயிற்று! அம்மா அளவை வாய்விட்டுச் சொன்னாள், மற்றவர்களுக்குச் சொல்வது போலவே. சில்லு கூசப்போகிறோம் என்று காத்திருந்தாள். அது ஓர் எண்ணாக மட்டும் காதில் விழுந்தது.

ஷட்டருக்குக் கீழே குனிந்து அப்பா உள்ளே வந்தார். இருவரையும் பார்த்து அப்படியே நின்றார்.

"கேட்டீங்களா?" அம்மா நிமிராமலே, நாடாவைச் சில்லுவின் இடுப்பில் சுற்றியபடி பேசினாள். "பெரிய பட்டையிலயும் கூடுதல்தான். குடும்பத்துல யாருக்காவது இருக்கான்னு கேட்டாங்க. அடிச்சுச் சொல்லிட்டேன், இல்லவே இல்லன்னு. சரிதானேங்க?"

குனிந்திருந்த அம்மாவின் தலைக்கு மேலே அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்பா ஷூ கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார். அவர் நிமிர வெகு நேரம் ஆயிற்று.

"மூச்சை விடுடி," என்றாள் அம்மா. "நீ இப்படி அடக்கிப் பிடிச்சிருந்தா எனக்குப் பொய் அளவுதான் வரும்."